ஒரே சோத்துக்கு மூணு பேரு: ஜப்பானிய வார்த்தைங்க எந்த வாசல் வழியா வந்துச்சு?

ஜப்பான்ல ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க, பக்கத்து டேபிள்காரர் ஆர்டர் சொல்றாரு: "தெம்புரா தெய்ஷொகு, கோஹான் ஓமோரி, நாமா பீரு ஹிதொத்சு." தெம்புரா மீல்ஸ், சோறு கொஞ்சம் தூக்கலா, டிராட் பீர் ஒண்ணு, அவ்ளோதான் சொன்னாரு. ஆனா அந்த ஒரு ஆர்டருக்குள்ள எத்தன நாடு இருக்கு பாருங்க. தெம்புரா, போர்ச்சுகீசியர் காலத்துல வந்து ஒட்டிக்கிட்ட பேரு (அவங்களோட எந்த வார்த்தைல இருந்து வந்துச்சுங்கறதுல மட்டும் இன்னும் வாக்குவாதம் இருக்கு). தெய்ஷொகு, சீன எழுத்து ரெண்ட சேத்து செஞ்சது. கோஹான்ல வர்ற "ஹான்" சீனம். ஓமோரி சுத்த ஜப்பானியம், நாமாவும் அப்படித்தான். பீரு டச்சுக்காரங்க குடுத்தது. கடைசில வர்ற ஹிதொத்சு, அதாவது "ஒண்ணு", சீனம் வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தீவுகள்ல மக்கள் எண்ணிக்கிட்டு இருந்த எண்.

நான் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பிச்ச முதல் ஒரு வருஷம் இது எதுவும் தெரியாம, ஒரு நோட்டுல இடது பக்கம் வார்த்தை வலது பக்கம் அர்த்தம்னு எழுதி மனப்பாடம் பண்ணிட்டே இருந்தேன், ஒரு பொருளுக்கு ரெண்டு மூணு வார்த்தை வந்தா எல்லாத்தையும் வரிசையா எழுதிட்டு எதை எங்க சொல்றதுன்னு தெரியாம முழிப்பேன். அப்புறம் எங்க டீச்சர் ஒருநாள் போர்டுல கோடு போட்டு பிரிச்சு காமிச்சாங்க, ஜப்பானிய வார்த்தைகள் மூணு அடுக்கா இருக்கு, ஒவ்வொரு வார்த்தையும் எப்போ எந்த வாசல் வழியா உள்ள வந்துச்சுங்கறது அதோட உருவத்துலயே தெரியும்னு. அதுக்கப்புறம் அந்த நோட்டு வேற மாதிரி ஆயிடுச்சு. புதுசா படிக்கறவங்களுக்கு இத மொத நாளே சொல்லிடணும்னு நான் நெனைக்கிறேன், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

பேருங்கள மட்டும் சொல்லிடறேன். சொந்த ஜப்பானிய வார்த்தைக்கு வாகோ. சீன வழி வார்த்தைக்கு கன்கோ. மத்த வெளிநாட்டு வார்த்தைக்கு கைராய்கோ. ரெண்டு அடுக்கு கலந்து செஞ்ச கலப்பு வார்த்தைக்கு கொன்ஷுகோ. எல்லாத்துலயும் கடைசில வர்ற "கோ"ன்னா மொழி, சொல். சோத்தையே எடுத்துக்கோங்க: மெஷின்னா வாகோ, கொஞ்சம் முரட்டுத்தனமா ஆம்பளைங்க "மெஷி சாப்டலாமா"ன்னு கேப்பாங்க. கோஹான்னா கன்கோ, வீட்டுல எல்லாரும் சொல்ற மரியாதையான சொல். ராய்சுன்னா கைராய்கோ, இங்கிலீஷ் ரைஸ்தான். அதே அரிசி அதே குக்கர்ல வெந்தது, ஆனா கிண்ணத்துல போட்டு குச்சியால சாப்பிட்டா கோஹான், தட்டுல பரப்பி கட்லெட் பக்கத்துல வெச்சா ராய்சுன்னு மெனுவுல எழுதுவாங்க.

மொதல்ல வாகோ. கை, கண், மழை, மலை, போறது, வர்றது, அழகு, சோகம்னு தினசரி வாழ்க்கையோட அடி வார்த்தைங்க எல்லாம் இதுல வரும்: தெ, மெ, ஆமெ, யாமா. இத அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு, நம்மாளுங்களுக்கு இது சட்டுனு புரியும். பழைய ஜப்பானியத்துல எந்த வார்த்தையும் "ர"ல ஆரம்பிக்காது. நம்ம இலக்கணத்துலயும் ர, ல மொழிக்கு முதல்ல வராதுன்னு சொல்லித்தான ராமன இராமன்னும் லோகத்த உலகம்னும் எழுதுனாங்க, அதே கதைதான் அங்கயும். எதோ காலத்துல ரஷ்யாவ அவங்க "ஒரொஷியா"ன்னு கூப்பிட்டாங்க, நம்ம பழைய புத்தகங்கள்ல உருசியான்னு இருக்கற மாதிரி. அதனால ஒரு ஜப்பானிய வார்த்தை ரா ரி ரு ரெ ரோல ஆரம்பிச்சா அது கிட்டத்தட்ட கண்டிப்பா வெளிய இருந்து வந்ததுன்னு வெச்சுக்கலாம்: ரெகிஷி (வரலாறு), ரியொகோ (பயணம்), ராஜியோ. அங்க பசங்க ஷிரிதோரின்னு ஒரு விளையாட்டு ஆடுவாங்க, முந்தின வார்த்தை முடிஞ்ச எழுத்துல அடுத்த வார்த்தைய ஆரம்பிக்கணும், நம்ம அந்தாக்ஷரி மாதிரி. அதுல கெட்டிக்கார பசங்க வேணும்னே "ரு"ல முடியற வார்த்தையா தேடி சொல்வாங்க, எதிராளி ருல ஆரம்பிக்க வார்த்தை கெடைக்காம திண்டாடுவான். ஆயிரத்து ஐநூறு வருஷத்து ஒலி விதி ஒண்ணு இன்னிக்கும் ஒரு குழந்தைங்க விளையாட்டுல வேலை செய்யுது பாருங்க, எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம்.

எண்கள்லயும் ரெண்டு அடுக்கு அப்படியே தனித்தனியா தெரியும். சீன வழி எண்: இச்சி, நி, சான், ஷி, கோ, ரொகு... சொந்த எண்: ஹிதொ, ஃபுதா, மி, யோ, இத்சு, மு... இந்த சொந்த எண்கள்ல ஒரு அழகு இருக்கு. ஒண்ணு ஹி, அதோட ரெட்டிப்பு ஃபு. மூணு மி, ரெட்டிப்பு ஆறு மு. நாலு யோ, ரெட்டிப்பு எட்டு யா. மெய் அப்படியே இருக்கு, உயிர் மட்டும் மாறுது. (ஹியும் ஃபுவும் பழைய காலத்துல ஒரே மெய்தான், அதனால அதுவும் கணக்குல சேரும்.) யாரோ எப்பவோ ரெட்டை ரெட்டையா எண்ணின கை, அந்த ஒலிக்குள்ள இன்னும் இருக்கு.

இப்போ ஷின்னா நாலு, ஆனா ஷின்னா சாவுன்னும் அர்த்தம், அதனால நாலுக்கு சொந்த எண்ணோட "யொன்" வந்து உக்காந்துச்சு, ஏழுக்கும் ஷிச்சிக்கு பதிலா "நானா" அடிக்கடி வரும். ஜப்பான்காரங்கள மேல எண்ண சொல்லுங்க, இச்சி நி சான் ஷின்னு போவாங்க. அவங்களையே பத்துல இருந்து கீழ எண்ண சொல்லுங்க, ஜூ க்யூ ஹாச்சி நானா ரொகு கோ யொன்னு வருவாங்க. மேல போறப்ப சீனம், கீழ வர்றப்ப நடுவுல ரெண்டு இடத்துல சொந்த மொழி. ஏன்னு கேட்டா அவங்களுக்கே யோசிச்சாத்தான் தெரியும்.

அடுத்தது கன்கோ, இதுதான் பெரிய அடுக்கு. ஒரு டிக்ஷனரிய எடுத்து எண்ணினா சுமார் பாதி வார்த்தை இதுலதான் வரும், பேச்சுல மட்டும் வாகோ முந்திக்கும். அப்போ ஜப்பானியர்களுக்குன்னு தனி எழுத்து கெடையாது, சீன எழுத்து கொரியா தீபகற்பம் வழியாத்தான் வந்துச்சு, பேக்ஜேங்கற நாட்டுல இருந்து வானின்னு ஒரு பண்டிதர் புத்தகத்தோட வந்தாருன்னு அவங்களோட பழைய நூல்கள் சொல்லுது. 6ஆம் நூற்றாண்டுல புத்த மதமும் அதே பேக்ஜே வழியா வந்துச்சு, 538 இல்லன்னா 552னு ரெண்டு கணக்கு இருக்கு. அப்புறம் 630ல இருந்து தாங் வம்சத்து சீனாவுக்கு நேரடியா தூதுக் கப்பல் அனுப்ப ஆரம்பிச்சாங்க. துறவிங்க, மாணவருங்க எல்லாம் உயிர கையில புடிச்சுக்கிட்டு கடல தாண்டி போயி தலைநகரத்துல வருஷக்கணக்கா தங்கி படிச்சுட்டு புத்தகத்தோட திரும்பி வந்தாங்க. 838ல கடைசியா ஒரு தூதுக்குழு போச்சு, 894ல அடுத்தத அனுப்ப வேணாம்னு முடிவாச்சு.

இதுல புது ஆளுங்கள அழ வெக்கற விஷயம் ஒண்ணு இருக்கு: ஒரே எழுத்துக்கு ஏன் இத்தன உச்சரிப்பு? காரணம் இந்த வரலாறுதான். ஒரே சீன எழுத்து வேற வேற நூற்றாண்டுல சீனாவோட வேற வேற பகுதியில இருந்து திரும்பத் திரும்ப வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் அப்போதைய உச்சரிப்போட வந்துச்சு, பழசு போகல, புதுசு அது மேலயே உக்காந்துச்சு. "போறது"ங்கற அர்த்தம் வர்ற எழுத்த எடுத்துக்கோங்க. மொத அலை தென்சீன உச்சரிப்பு, அதுக்கு கோ-ஓன்னு பேரு, அதுல இந்த எழுத்து "க்யோ". ஷுக்யோன்னா தவப்பயிற்சி, ஏன்னா கோவில் சம்பந்தப்பட்ட வார்த்தைங்க முதல் அலையிலயே தங்கிடுச்சு. ரெண்டாவது அலை தாங் தலைநகரத்து உச்சரிப்பு, கான்-ஓன், அதுல "கோ". ரியொகோன்னா பயணம், கின்கோன்னா பேங்க். 8ஆம் நூற்றாண்டு கடைசில அரசவை இந்தப் புது உச்சரிப்பத்தான் படிக்கணும்னு சொல்லுச்சு, ஆனா துறவிங்க பழைய மந்திரத்த பழையபடியே ஓதிட்டு இருந்தாங்க, அதனால ரெண்டும் பொழச்சுது. மூணாவது அலை ஜென் துறவிங்களோடயும் வியாபாரிங்களோடயும் பின்னாடி வந்தது, தோ-ஓன், அதுல "அன்". அந்தோன்னா காகித விளக்கு. நம்மூர் கார் தொழிற்சாலைல வேலை பாக்கறவங்களுக்கு இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும், லைன்ல பிரச்சனைன்னா எரியற அந்த லைட் போர்டுக்கு அந்தோன்னுதான் பேரு. இது எல்லாத்துக்கும் மேல, சீனமே இல்லாம அர்த்தத்த மட்டும் வெச்சு அதே எழுத்த "இகு"ன்னு சொந்த மொழியிலயும் படிப்பாங்க. ஆக ஒரு எழுத்து, நாலு வாசல்.

இன்னொரு நல்ல விஷயம், சீனமே தொலைச்சுட்ட ஒலிங்கள ஜப்பானியம் பத்திரமா வெச்சிருக்கு. பழைய சீனத்துல க், த், ப்னு மெய்ல முடியற அசைங்க நெறைய இருந்துச்சு. ஜப்பானியர்களால இந்த மெய்ல முடிக்க முடியாது, நம்ம பஸ்ஸ பஸ்ஸுன்னும் கார காருன்னும் சொல்றோம்ல, அதே மாதிரி கடைசில ஒரு உயிர ஒட்டிக்கிட்டாங்க. படிப்புக்கு "காகு", நாட்டுக்கு "கொகு", ஆறுங்கற எண்ணுக்கு "ரொகு". இன்னிக்கு பெய்ஜிங்ல இந்த மூணும் ஷுவே, குவோ, லியோ, கடைசி க் காணாமலே போயிடுச்சு. ஆனா ஹாங்காங் பக்கம் கான்டனீஸ்ல ஆறு "லுக்"தான், கொரியால நாடு "குக்"தான். வாக்குறுதிக்கு ஜப்பான்ல யாகுசொகு, கொரியால யாக்சொக். இது சொந்தக்கார மொழிங்கறதால வந்த ஒத்துமை இல்ல, ரெண்டு பேரும் ஒரே கடைல வாங்கினதால வந்த ஒத்துமை.

இதுல நஷ்டமும் உண்டு. சீனத்துல ராகம் இருக்கு, ஏத்தி இறக்கி சொன்னா அர்த்தம் மாறும். ஜப்பானியம் அந்த ராகத்த எடுத்துக்கல, நெறைய ஒலி வித்தியாசத்தையும் எடுத்துக்கல, அதனால சீனத்துல வேற வேறயா கேட்ட வார்த்தைங்க இங்க ஒண்ணாயிடுச்சு. காகாகுன்னா அறிவியல், காகாகுன்னா வேதியியலும்தான். ஷிரித்சுன்னா தனியார், ஷிரித்சுன்னா நகராட்சி நடத்தறதும்தான். ஸ்கூல் அட்மிஷன் பேசறப்ப இது குழம்பினா ஃபீஸே மாறிப்போகும், அதனால அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சு, தனியாருக்கு வாதாகுஷிரித்சுன்னும் நகராட்சிக்கு இச்சிரித்சுன்னும் முதல் எழுத்த சொந்த மொழில படிச்சு சொல்லிக்கறாங்க. வேதியியலுக்கும் அதே மாதிரி பாகெகாகு. எழுத்துல பாத்தா எந்தக் குழப்பமும் இல்ல, காதுலதான் பிரச்சனை. சீன எழுத்த விட்டுடலாமேன்னு வெளிய இருந்து சொல்றவங்க இத யோசிக்கணும்.

புத்த மதத்தோட சீனா வழியா நம்ம பக்கத்து சரக்கும் போச்சு. எமன் அங்க என்மா. நரகம் நாராகு, கபுகி நாடக மேடைக்கு அடியில மெஷின் எல்லாம் இருக்கற இருட்டு அறைக்கும் நாராகுன்னுதான் பேரு. கணம், வடமொழில க்ஷணம், அது செத்சுனா. தியானம் சீனத்துல சான் ஆகி ஜப்பான்ல ஜென் ஆச்சு. சரீரம் புத்தரோட எலும்பு எச்சத்துக்கு ஷாரின்னு ஆகி, வெள்ளையா சின்னச் சின்னதா இருக்கறதால இன்னிக்கு சுஷி கடைல அரிசிச் சோத்துக்கும் ஷாரின்னே சொல்றாங்க. எனக்கு ரொம்ப ஆச்சரியம் குடுத்தது தானம்தான். அது தான்னா ஆச்சு, மொதல்ல கோவிலுக்கு தானம் குடுக்கற புரவலர், அப்புறம் முதலாளி, இப்போ பொண்ணுங்க தன் புருஷன சொல்ற வார்த்தை. நம்ம வாய்ல தினமும் வர்ற ஒரு சொல்லு, தோக்கியோல ஒரு அக்கா "எங்க வீட்டுக்காரர்"னு சொல்றதுக்கு பயன்படுது.

வார்த்தை மட்டும் இல்ல, அகர வரிசையும் போச்சு. ஜப்பானிய எழுத்து வரிசைய பாருங்க: அ இ உ எ ஒ, அப்புறம் க ச த ந ஹ ம ய ர வ. ஹ வரிசை பழைய காலத்துல ப. நம்ம க ச த ந ப ம ய ர வ அப்படியே கண்ணுல படுதா? துறவிங்க மந்திரத்த சரியா ஓதறதுக்காக சித்தம்ங்கற வடமொழி எழுத்த படிச்சாங்க, அந்த படிப்புல இருந்து வந்த வரிசை இது. இங்க ஒண்ணு சொல்லணும், ஓனோ சுசுமுங்கற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவுன்னு எழுதினது நம்ம பக்கம் நெறைய பேசப்பட்டுச்சு, ஆனா மொழியியலாளர்கள் பெரும்பாலும் அத ஏத்துக்கல. எனக்கும் அந்த உறவு இருந்தா சந்தோஷம்தான், ஆனா நிரூபணமான உறவு இந்த அகர வரிசை வழியா, புத்த மதம் வழியா இருக்கு, அதுவே பெரிசுதான்.

1543ல தானெகாஷிமாங்கற தீவுல போர்ச்சுகீசியருங்க துப்பாக்கியோட வந்து எறங்கினாங்க, அங்க இருந்து மூணாவது அடுக்கு ஆரம்பிக்குது. பிரெட்டுக்கு பான். இத படிச்சுட்டு யாழ்ப்பாணத்து ஆளுங்க சிரிப்பாங்க, ஏன்னா அவங்க கடைல போயி கேக்கறதும் பாண்தான், ரெண்டும் ஒரே போர்ச்சுகீசிய வார்த்தை. சட்டைல இருக்கற பொத்தான் அங்கயும் பொதான் (அங்க பஸ்ல வர்ற ப மாதிரி சொல்லணும்). நம்ம பாதிரி அங்க பாதெரென். அதே நூற்றாண்டுல அதே கப்பல்காரங்க கோவால இருந்து கெளம்பி ரெண்டு கரையிலயும் அதே சொல்ல எறக்கிட்டு போயிருக்காங்க. நான் ஒரு நாள் சட்டைல பொத்தான் தைக்கறப்ப இது ஞாபகம் வந்து கைய நிறுத்திட்டு யோசிச்சேன், இதே சொல்ல இதே பொருளுக்கு நாகசாகில ஒருத்தங்க இப்போ சொல்லிட்டு இருக்கலாம். தபாகோ, காஸ்தெரா கேக்கு, மழைக்கு போடற காப்பா எல்லாம் இந்த வாசல்தான். பரங்கிக்காய்க்கு காபோச்சா, அது கம்போடியாங்கற பேருல இருந்து வந்தது. உருளைக்கிழங்கு ஜாகாய்மோ, ஜாகார்த்தாவோட பழைய பேரோட கிழங்க சேத்தது, கப்பல் எங்க இருந்து வந்துச்சோ அந்த ஊர் பேரு.

அப்புறம் கிறிஸ்தவ மதத்துக்கு தடை, போர்ச்சுகீசியர துரத்தினாங்க, 1641ல இருந்து டச்சுக்காரங்கள மட்டும் நாகசாகில தெஜிமாங்கற சின்ன செயற்கைத் தீவுல அடைச்சு வியாபாரம் பண்ண விட்டாங்க. இருநூறு வருஷத்துக்கு மேல ஐரோப்பா முழுக்க அந்த ஒரு துண்டு நிலம் வழியாத்தான் ஜப்பானுக்கு தெரிஞ்சுது. பீரு, கோஹீ (காபி), காராசு (கண்ணாடி), கோமு (ரப்பர்), டாக்டரோட கத்திக்கு மெசு, ஸ்கூல் பசங்க முதுகுல போடற ரான்தொசெரு, எல்லாம் டச்சு. ஞாயித்துக்கிழமைக்கு டச்சு வார்த்தை தொன்தாகுன்னு ஆகி லீவுங்கற அர்த்தத்துல சுத்தி, இப்போ ஃபுகுவோகால மே மாசம் நடக்கற பெரிய திருவிழாவுக்கு ஹாகாதா தொன்தாகுன்னு பேரு. 1774ல சுகிதா கெம்பாகுவும் நண்பர்களும் ஒரு டச்சு உடற்கூறு புத்தகத்த மொழிபெயர்த்தாங்க, சரியான அகராதி கூட இல்லாம. நரம்புக்கு ஜப்பானியத்துல சொல்லே இல்ல. ரெண்டு சீன எழுத்த எடுத்து "ஷின்கெய்"னு செஞ்சாங்க, உயிர்ச்சத்து ஓடற பாதைங்கற மாதிரி அர்த்தம். இன்னிக்கும் ஜப்பான்ல அதேதான், சீனாவுலயும் அதே எழுத்துதான்.

இந்த வாசல் விஷயத்த ஒரே உதாரணத்துல பாக்கணும்னா இதுதான் எனக்கு தெரிஞ்சு சிறந்தது. ஐரோப்பாவுல ஒரே மூலத்துல இருந்து வந்த ஒரு சொல், அட்டை, காகிதம்னு அர்த்தம். போர்ச்சுகீசியர் வழியா அது 16ஆம் நூற்றாண்டுல கருதான்னு வந்துச்சு, இன்னிக்கு புது வருஷத்துக்கு குடும்பமா தரைல உக்காந்து ஆடற அட்டை விளையாட்டு அது. ஜெர்மன்ல இருந்து கருதென்னு வந்துச்சு, ஏன்னா மெய்ஜி காலத்துல மருத்துவத்த ஜெர்மனிய பாத்து கத்துக்கிட்டாங்க, அதனால ஆஸ்பத்திரில நோயாளியோட கேஸ் ஷீட்டுதான் கருதெ. இங்கிலீஷ்ல இருந்து காதோ, கிரெடிட் கார்டு மாதிரி. பிரெஞ்சுல இருந்து ஆராகருதோ, மெனுவுல தனித்தனியா ஆர்டர் பண்றது. விளையாட்டு, ஆஸ்பத்திரி, பேங்க், ஹோட்டல்னு நாலு இடத்துல நாலு சொல், வேர் ஒண்ணு. எந்த நாடு ஜப்பானுக்கு எந்தத் துறைய சொல்லிக் குடுத்துச்சுன்னு இந்த நாலு சொல்ல வெச்சே சொல்லிடலாம். கண்ணாடியும் அப்படித்தான்: ஜன்னல் கண்ணாடிக்கு டச்சு காராசு, குடிக்கற கிளாசுக்கு இங்கிலீஷ் குராசு. வேலைநிறுத்தம் சுதொராய்கி, பேஸ்பால்ல சுதொராய்கு, ரெண்டும் ஒரே இங்கிலீஷ் வார்த்தை.

மெய்ஜி காலம்னு சொன்னேன்ல, 1868ல ஆரம்பிக்குது, அப்போ ஐரோப்பிய சிந்தனை மொத்தமா வெள்ளம் மாதிரி வந்துச்சு. அவங்க அப்போ இங்கிலீஷ அப்படியே எடுக்காம, சீன எழுத்த வெச்சு புதுச் சொல் செஞ்சாங்க. நிஷி அமானேன்னு ஒரு அறிஞர் தத்துவத்துக்கு தெத்சுகாகுன்னு செஞ்சாரு. சமூகத்துக்கு ஷாகாய், பொருளாதாரத்துக்கு கெய்சாய். டெலிபோனுக்கு தென்வா, மின் பேச்சு. ரயில்வேக்கு தெத்சுதோ, இரும்புப் பாதை. நாம தொலைபேசி, இருப்புப்பாதைன்னு செஞ்ச அதே வேலை. இதுல பாதி பழைய சீன நூல்ல வேற அர்த்தத்துல இருந்த சொல்லுங்க, புது அர்த்தம் குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஜப்பான்ல படிக்க வந்த சீன மாணவருங்க இத எல்லாம் ஊருக்கு எடுத்துட்டு போனாங்க, எழுத்து அவங்களோடதுங்கறதால யாருக்கும் அந்நியமாவே தெரியல. இன்னிக்கு சீன மக்கள் குடியரசுங்கற பேருல "குடியரசு"ங்கற சொல் ஜப்பான்ல அந்த அர்த்தத்துல உருவாகி போனது. ஆயிரம் வருஷக் கடன், திரும்பி போச்சு. ஆனா எல்லாமே ரெண்டு பக்கமும் ஒத்துப் போகும்னு நெனச்சுடாதீங்க, ஜப்பான்ல தெகாமின்னா கடிதம், "கை காகிதம்"னு எழுதுவாங்க, அதே ரெண்டு எழுத்த சீனால காமிச்சா டாய்லெட் பேப்பர்.

இங்கிலீஷ் வார்த்தை பத்தி நான் ரொம்ப சொல்ல மாட்டேன், அது எங்க பாத்தாலும் இருக்கு. ஆனா வெட்டற முறை மட்டும் தெரிஞ்சுக்கோங்க, நீளமான வார்த்தைய நாலு ஒலிக்கு சுருக்கிடுவாங்க. பெர்சனல் கம்ப்யூட்டர் பாசொகொன். ரிமோட் கன்ட்ரோல் ரிமொகொன். ஏர் கண்டிஷனர் எயாகொன். மூணுலயும் "கொன்" இருக்கு, மூணும் வேற வேற கொன். இங்கிலீஷ்காரங்களுக்கே புரியாத இங்கிலீஷும் உண்டு, சுவத்துல பிளக் சொருகற இடம் கொன்சென்தோ, பஃபே சாப்பாட்டுக்கு பாய்கிங்கு, அதாவது வைகிங், தோக்கியோல ஒரு பெரிய ஹோட்டல் 1958ல பஃபே ஆரம்பிச்சு வெச்ச பேரு அப்படியே பொதுப்பேரா ஆயிடுச்சு. இது அளவுக்கு மீறி போகுதுன்னு அங்க வருத்தப்படறவங்க நெறைய பேர். 2013ல ஒருத்தர் என்எச்கே தொலைக்காட்சி மேல கேஸே போட்டாரு, செய்தில இத்தன கைராய்கோ இருந்தா எனக்கு எப்படி புரியும்னு. கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆனா அவர் கேட்டது நியாயம்னுதான் எனக்கு தோணுது, ஏன்னா 2020ல கொரோனா வந்தப்ப அதே கேள்விய ஒரு மந்திரியே கேட்டாரு. அரசாங்கம் குராசுதா, ஓபாஷூதோ, ரொக்குதாவுன்னு (கிளஸ்டர், ஓவர்ஷூட், லாக்டவுன்) சொல்லிட்டு இருந்துச்சு, கோனோ தாரோ, பெரியவங்களுக்கு புரியற மாதிரி ஷூதான் கான்சென் (கூட்டமா தொத்தறது), தோஷி ஃபூசான்னு (ஊர மூடறது) சொல்லக்கூடாதான்னு எழுதினாரு. உயிர் போற விஷயத்துல புரியாத வார்த்தை ஆபத்து. ஆனா பாருங்க, அவர் "புரியற" வார்த்தைன்னு கொண்டு வந்தது கன்கோ. ஒரு காலத்துல வெளியூர் சரக்கா இருந்ததுதான் இன்னிக்கு வீட்டுச் சொல்.

சரி, எங்க எத சொல்றது? தங்கற இடத்தையே பாருங்க. யாதொயா வாகோ, பழைய சத்திரம் மாதிரி மனசுக்கு நெருக்கமா இருக்கும். ரியொகான் கன்கோ, பாய் விரிச்ச அறை, வெந்நீர் குளியல்னு முறையான பாரம்பரிய விடுதி. ஹொதெரு கைராய்கோ, கட்டில், சாவி கார்டு. இந்த மூணு வார்த்தையோட குணமும் மொழி முழுக்க பொருந்தும்: வாகோ நெருக்கம், கன்கோ முறைமை, கைராய்கோ புதுசு. ஆபீஸ் மெயில்ல கன்கோ கூட இருக்கணும், நண்பர்கிட்ட கன்கோவா அடுக்கினா செய்தி வாசிக்கற மாதிரி இருக்கும்.

கலப்புச் சொல்லும் நெறைய. கரோக்கின்னு நம்ம சொல்றது காராஒகெ, காலி ஆர்கெஸ்ட்ரா, முன்பாதி வாகோ பின்பாதி ஆர்கெஸ்ட்ராவோட தலை. ரப்பர் அழிப்பான் கெஷிகோமு, அழிக்கறதுங்கற வாகோவும் டச்சு கோமுவும். தொழிற்சாலைல வேலை நடக்கற இடத்துக்கு சொல்ற கெம்பா கூட கலப்புதான், "கெம்" சீன உச்சரிப்பு, "பா" சொந்தம். பக்கத்துலயே செவுத்துல ஒட்டியிருக்கற காய்சென் (மேம்படுத்தறது) முழு கன்கோ.

கடைசியா வினைச்சொல். வெளிய இருந்து வந்த வார்த்தைய வினையாக்க அவங்ககிட்ட "சுரு" இருக்கு, நம்மகிட்ட "பண்ணு" இருக்கு. பென்க்யோ சுருன்னா படிக்கறது, தொராய்பு சுருன்னா டிரைவ் பண்றது, வார்த்தைக்கு வார்த்தை நம்ம மாதிரியே. நாம இதோட நிறுத்திக்கிட்டோம், அவங்க ஒரு படி தாண்டிட்டாங்க. கூகுள் பண்றதுக்கு குகுரு, "கூகுள் பண்ணல"ன்னா குகுரானாய், "பண்ணிட்டேன்"னா குகுத்தா, சொந்த வினை மாதிரியே வளையுது. இதுல ரொம்ப பழசு ஒண்ணு சாபொரு, சுமார் நூறு வருஷம் பழசு, பிரெஞ்சு சபோத்தாஜோட தலைய வெட்டி ரு ஒட்டினது. கிளாசுக்கு மட்டம் போடறதுக்கு இன்னிக்கு எல்லா பசங்களும் இதத்தான் சொல்றாங்க. அத எழுதறப்ப சாபோ ரெண்டு எழுத்தும் கத்தகானால, அதாவது வெளிநாட்டுச் சொல்லுக்கான எழுத்துல இருக்கும், ரு மட்டும் ஹிரகானால, வீட்டு எழுத்துல இருக்கும். என் நோட்டுல அந்த வார்த்தைக்கு நடுவுல பென்சில்ல ஒரு சின்ன கோடு போட்டு வெச்சிருக்கேன், பிரான்ஸ் எங்க முடிஞ்சு ஜப்பான் எங்க ஆரம்பிக்குதுன்னு.